மின்சார கார் இரண்டு முறை மறைந்தது ஏன், மூன்றாம் முறை நிலைத்தது எப்படி?

2025 ஜூன் 12-ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஒரு தீர்மானத்தில் கையெழுத்திட்டார். 2035-க்குள் புதிய பெட்ரோல் கார் விற்பனையைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லும் கலிஃபோர்னியாவின் விதியை அது முடக்கியது. செப்டம்பர் 30-ஆம் தேதியோடு, புதிய மின்சார கார் வாங்குவோருக்கு அங்கே கிடைத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் நின்றுபோனது. மின்சார கார் மோகம் முடிந்தது என்ற பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது.

இன்னொரு பக்கம், 2024-இல் உலகம் முழுக்க 1.7 கோடிக்கு மேல் மின்சார கார்கள் விற்றன. பெட்ரோல் எஞ்சினும் பிளக்கும் சேர்ந்த கலப்பு கார்களையும் சேர்த்த கணக்கு இது. புதிதாக விற்ற ஐந்து கார்களில் ஒன்று பிளக்கில் செருகுவது.

இதில் எதை நம்புவது? மின்சார கார் ஏதோ பத்து பதினைந்து வருடத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு செய்தி படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அது பெட்ரோல் காரின் சம வயதுக்காரன். இதற்கு முன் இரண்டு முறை வந்து, இரண்டு முறை காணாமல் போயிருக்கிறது. இரண்டு முறையும் மோட்டாரில் பெரிய குறை இல்லை. காலை வாரியது பேட்டரி. அதனால் பேட்டரியில் இருந்தே தொடங்குவோம்.

## முதலில் யூனிட் கணக்கு

நம் வீட்டு இபி மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்தான் ஒரு கிலோவாட் மணி. 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் ஒரு யூனிட். மின்சார காரின் பேட்டரி அளவையும் இதே யூனிட்டில்தான் சொல்கிறார்கள். 30 கிலோவாட் மணி பேட்டரி என்றால் அதில் 30 யூனிட் பிடிக்கும், அவ்வளவுதான்.

சின்ன கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட, சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு ஏறக்குறைய 15 யூனிட் தேவை. அந்த 15 யூனிட்டை எதில் எடுத்துக்கொண்டு போவது என்பதுதான் 125 வருடமாக நடக்கும் சண்டை.

1. பெட்ரோல்: ஒரு கிலோவில் சுமார் 12 யூனிட் வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால்வாசியைச் சூடாகவும் புகையாகவும் வெளியே விட்டுவிடும். அப்படி வீணாக்கியும் ஒரு கிலோவுக்கு 3 யூனிட் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. 100 கிலோமீட்டருக்கு ஐந்து கிலோ பெட்ரோல் தாராளம்.

2. ஈய அமில பேட்டரி: பழைய இன்வர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்குமே, அதே வகை. ஒரு யூனிட்டைச் சேமிக்க ஏறக்குறைய 30 கிலோ பேட்டரி வேண்டும். மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்காமல் பயன்படுத்தும் என்பது உண்மை. ஆனாலும் 100 கிலோமீட்டருக்கு 450 கிலோ பேட்டரியைச் சுமந்தாக வேண்டும்.

3. இன்றைய லித்தியம் பேட்டரி: உறை, குளிர்விக்கும் குழாய் எல்லாம் சேர்த்தே ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோ போதும். அதே 100 கிலோமீட்டருக்கு 100 கிலோ சொச்சம்.

ஐந்து கிலோ, 450 கிலோ, 100 கிலோ. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

## முதல் வாழ்வு: 1900

1899 ஏப்ரல் 29 அன்று, பாரிஸ் அருகே அஷேர் என்ற இடத்தில் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் சாலை வாகனம் அதுதான். அது மின்சார வண்டி. மறு ஆண்டு அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,681 நீராவியில் ஓடின, 1,575 மின்சாரத்தில் ஓடின, 936 மட்டுமே பெட்ரோலில் ஓடின. பெட்ரோல் கார்தான் அப்போது கடைசி இடம்.

அன்றைக்கு ஒரு பெட்ரோல் காரைக் கிளப்புவது எப்படி என்று பார்த்தால் காரணம் புரியும். காருக்கு முன்னால் போய் நின்று, ரேடியேட்டருக்குக் கீழே உள்ள துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருக வேண்டும். அதற்கு முன்பே ஸ்டியரிங் பக்கத்து நெம்பைத் தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைத்திருக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கைப்பிடி சுழன்று வந்து மணிக்கட்டை முறித்துவிடும். அதனால் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மின்சார காரில் இந்தப் பாடு எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்து நெம்பைத் தள்ளினால் போதும். புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே ஒரு டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்தான்.

இவ்வளவு வசதி இருந்தும் ஏன் தோற்றது?

1. விலை. 1908-இல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் மாடல் டி, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. மின்சார கார் அந்தச் சரிவில் கலந்துகொள்ளவே இல்லை.

2. தூரம். 1901-இல் டெக்சஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. பெட்ரோல் மலிவானது, மளிகைக்கடையில்கூட டப்பாவில் கிடைத்தது. ஊர்களுக்கு இடையே சாலைகள் நீண்டன. ஆனால் நகரத்துக்கு வெளியே மின்சாரம் போகவில்லை. சார்ஜ் ஏற்ற இடம் இல்லாத ஊருக்கு மின்சார காரில் போய் என்ன செய்வது?

3. கைப்பிடி ஒழிந்தது. 1912-இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் வந்தது. ஒரு குட்டி மோட்டாரும் ஒரு ஈய பேட்டரியும் சேர்ந்து பெட்ரோல் எஞ்சினைச் சுழற்றிவிட்டன. மின்சார காருக்கு இருந்த பெரிய வசதியைப் பெட்ரோல் கார் அப்படியே எடுத்துத் தனக்குள் வைத்துக்கொண்டது.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேட்டரியிடம் 100 கிலோமீட்டர் கேட்டால் 450 கிலோ கனக்கும். எஞ்சினைக் கிளப்ப நாலு நொடிச் சுழற்சி மட்டும் கேட்டால் ஒரு கையில் தூக்கிவிடலாம். ஈய பேட்டரி தனக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடித்து அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. டெட்ராய்ட் எலக்ட்ரிக் 1939 வரை எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, அப்புறம் நின்றது.

## டயரில் விழுந்த வெடிப்பு

இரண்டாவது வருகைக்குக் காரணம் பெட்ரோல் தட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்காவில் ஆர்வம் எழுந்தது உண்மை. 1976-இல் ஆராய்ச்சிக்கென்று ஒரு சட்டம்கூட வந்தது. ஆனால் எண்ணெய் விலை இறங்கியதும் ஆர்வமும் இறங்கிவிட்டது. நிலைத்த காரணம் வேறு ஊரில் இருந்தது: லாஸ் ஏஞ்சலிஸ்.

மலைகள் சூழ்ந்த ஊர், எப்போதும் வெயில், எங்கே போவதற்கும் கார். 1940-களில் இருந்தே கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் அங்கே கவிந்து கிடந்தது. அந்த ஊர்ப் பக்கத்துத் தொழில்நுட்பக் கல்விக்கூடமான கால்டெக்கில் வேலை பார்த்த டச்சு வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் அதன் மூலத்தைப் பிடித்தார். வாகனப் புகையில் உள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் ஆகின்றன. அந்த ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டில் எவ்வளவு நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்று பார்த்தே காற்றின் நஞ்சை அளந்தார்கள்.

இதன் தொடர்ச்சியாக 1967-இல் கலிஃபோர்னியா காற்று வளங்கள் வாரியம் உருவானது. ஹாகன்-ஸ்மித்தே அதன் முதல் தலைவர். அமெரிக்காவில் வாகனப் புகைக்கு விதி வகுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்குத்தான். கலிஃபோர்னியா அதற்கு முன்பே தானாக விதி வகுத்திருந்ததால், அந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் மத்திய அரசிடம் விலக்கு வாங்கித் தனி விதி போடும் உரிமை கிடைத்தது. 2025-இல் முடக்கப்பட்டது இந்த விலக்கில் பிறந்த விதிதான். அதாவது இன்றைய சண்டையின் வேர் கார்பன் அல்ல, கண் எரிச்சல்.

## இரண்டாம் வாழ்வு: 1,117 கார்கள்

1987-இல் ஆஸ்திரேலியாவின் குறுக்கே நடந்த சூரிய கார் பந்தயத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் வென்றது. அந்தக் காரை உருவாக்கிய ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தாரே அடுத்து இம்பேக்ட் என்ற மின்சார காரையும் செய்தார்கள். 1990 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் கார் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் அதைக் காட்டியது. வாரியம் அதைக் கவனித்தது. செய்ய முடிகிறது என்று காட்டிவிட்டார்கள், செய்யச் சொல்வோம் என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விதி வந்தது. கலிஃபோர்னியாவில் பெருமளவில் விற்கும் ஏழு நிறுவனங்களும் 1998-இல் தங்கள் விற்பனையில் 2 சதவீதமும், 2001-இல் 5 சதவீதமும், 2003-இல் 10 சதவீதமும் புகையே விடாத கார்களாக விற்க வேண்டும்.

1996 டிசம்பரில் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் இவி1 அப்படிப் பிறந்தது. துளி போன்ற உடல், காற்று எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண் (இழுவைக் கெழு) வெறும் 0.19. சார்ஜ் செய்ய, உலோக முள் எதுவும் வெளியே தெரியாத பிளாஸ்டிக் துடுப்பு ஒன்றைக் காரின் முகத்தில் செருகுவார்கள். காந்தப்புலம் வழியாகவே மின்சாரம் உள்ளே போகும். விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ, அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான் ஆகிய ஊர்களில் தொடங்கி.

முதல் இவி1-இன் பேட்டரி ஈய அமிலம். 533 கிலோ எடை, 16.5 யூனிட் கொள்ளளவு. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: ஒரு யூனிட்டுக்கு 32 கிலோ. காரின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரியே. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் காற்றையும் எடையையும் இழைத்து இழைத்துக் குறைத்தும், உள்ளே இருந்தது 1900-இன் அதே ஈயம்தான். 1999-இல் வந்த இரண்டாம் வகையில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி வைத்தார்கள். ஒரே சார்ஜில் 160 கிலோமீட்டரைத் தாண்டிப் போனது. நல்ல கார். ஆனால் விலை அதிகம், தயாரிப்பு கொஞ்சம்.

அதற்குள் சட்டத்தின் காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. 1996-லேயே வாரியம் இடைக்கால இலக்குகளைக் கைவிட்டது. 2002-இல் கார் நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், ஜூன் மாதம் நீதிமன்றம் விதிக்குத் தடை விதித்தது. 2003 ஏப்ரலில் வாரியம் விதியைத் தளர்த்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் குத்தகைகளைப் புதுப்பிக்க மறுத்து, கார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. மொத்தம் செய்தது 1,117. பெரும்பாலானவை நசுக்கப்பட்டன. சில மட்டும், ஓட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டு, அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போயின.

ஓட்டியவர்கள் சும்மா விடவில்லை. 2003 ஜூலையில் ஹாலிவுட்டின் ஒரு கல்லறைத் தோட்டத்தில் காருக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். 2005-இல் பர்பாங்க் நகரில் நிறுவனத்தின் வளாகத்தில் நின்ற கடைசி 78 கார்களைச் சுற்றி இரவும் பகலும் காவல் இருந்து, தலைக்கு 24,000 டாலர் வீதம் 19 லட்சம் டாலர் தருகிறோம், எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்று கேட்டார்கள். விற்கவில்லை. லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின.

வேண்டுமென்றே கொன்றார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது, வாங்க ஆள் இல்லை என்று மறுதரப்பு சொல்கிறது. பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஓட்டியவர்கள் காரை நேசித்தார்கள், நிறுவனம் அதை முழு மனதோடு விற்க முயலவில்லை. அதே நேரத்தில், அன்றைய பேட்டரியை வைத்துச் சாதாரணக் குடும்பம் வாங்கும் விலைக்கு அந்தக் காரைக் கொடுத்திருக்கவும் முடியாது. ஒரே ஒரு மாநிலத்தின் விதிதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. விதி கையை எடுத்ததும் கார் விழுந்தது.

## கேமராவுக்குச் செய்த பேட்டரி

சரி, அப்படியானால் ஐந்தே வருடத்தில் 2008-இல் மறுபடி எப்படி வந்தது? இந்த இடத்தில் கதை கார் கம்பெனிகளை விட்டு வெளியே போகிறது.

1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரியின் அடிப்படையைக் கண்டுபிடித்தார். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கோபால்ட் ஆக்சைடு நேர்முனையால் அதன் ஆற்றலைக் கூட்டியது. 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ, தீப்பிடிக்கும் தூய லித்தியம் உலோகத்தை எடுத்துவிட்டுக் கரிமப் பொருளை வைத்துப் பாதுகாப்பாக்கினார். 1991-இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, கையடக்க வீடியோ கேமராக்களுக்காக. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அந்த ஸ்டாக்ஹோம் மேடையில், 97 வயது குட்இனஃப் சார்பாக நோபல் உரையை வாசித்தவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். 1980-களில் குட்இனஃபோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு, சல்ஃபேட் போன்ற கூட்டு அயனிகளை வைத்தால் மலிவான இரும்பில் இருந்தே கூடுதல் வோல்டேஜ் எடுக்கலாம் என்று காட்டியது. அந்தப் பாதையில்தான் 1990-களின் நடுவில் டெக்சஸில் குட்இனஃப் குழுவிடம் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பிறந்தது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

1990-கள் முழுக்க லேப்டாப்பும் செல்போனும் கோடிக்கணக்கில் விற்றன. ஒவ்வொன்றுக்கும் பேட்டரி வேண்டும். ஆலைகள் பெருகின, செய்து செய்து கை தேர்ந்தது, விலை இறங்கியது. காருக்கான ஆராய்ச்சிக்குக் கார் வாங்குபவர் காசு கொடுக்கவில்லை. போன் வாங்கிய நாம் எல்லோரும் கொடுத்தோம்.

இவி1-இன் மின்னணுவியலை வடிவமைத்த ஆலன் கொக்கோனி, ஏசி புரொபல்ஷன் என்ற சிறிய நிறுவனத்தில் டிசீரோ என்ற விளையாட்டு காரைச் செய்திருந்தார். முதலில் அதிலும் ஈயம்தான். 2003-இல் அதை எடுத்துவிட்டு, லேப்டாப்பில் இருக்கும் சின்ன செல்களை ஆயிரக்கணக்கில் கோத்து வைத்தார்கள். இவி1 நசுங்கத் தொடங்கிய அதே ஆண்டில், மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் இந்த யோசனையை வைத்து டெஸ்லாவைத் தொடங்கினார்கள். ஈலோன் மஸ்க் 2004-இல் முதலீட்டாளராகச் சேர்ந்தார்.

2008-இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரின் பேட்டரியைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். உள்ளே 18650 என்ற வகை செல்கள். அந்த எண்ணே அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். டிவி ரிமோட்டில் போடும் செல்லைவிடச் சற்றுப் பருமன், ஐம்பது கிராமுக்குள் எடை. அப்படி 6,831 செல்கள். மொத்தம் 450 கிலோ, 53 யூனிட். இவி1-ஐவிட எடை குறைவு, கொள்ளளவு மூன்று மடங்குக்கு மேல். அமெரிக்க அரசின் அளவீட்டில் 393 கிலோமீட்டர் ஓடியது. அத்தோடு, மின்சார கார் தூரம் போகாது என்ற பழைய வாதத்துக்கு முதல் முறையாகப் பதில் கிடைத்தது. விலை மட்டும் லட்சம் டாலரை ஒட்டி நின்றது.

## விலை இறங்கியது சீனாவில்

2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியின் விலை 1,000 டாலருக்கு மேல். 2024-இல் 115 டாலர். 30 யூனிட் பேட்டரி 30,000 டாலரில் இருந்து 3,500 டாலருக்கு வந்துவிட்டது என்று பொருள். இந்த ஒரு சரிவு இல்லாவிட்டால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

இதில் பெரும்பங்கு சீனாவுடையது. ஜெர்மனியின் ஆடி (Audi) கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வான் காங் 2007-இல் சீனாவின் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர் ஆனார். பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மனியையும் ஜப்பானையும் எட்டிப் பிடிக்க முடியாது, எல்லோரும் புதிதாகத் தொடங்கும் இடத்தில் தொடங்குவோம் என்பது அவருடைய வாதம். 2009-இல் பத்து நகரம், ஆயிரம் வாகனம் என்ற திட்டம் வந்தது. மானியம் 2022 இறுதிவரை ஓடியது. 2017 முடிவில் ஷென்செனின் 16,000 நகரப் பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறியிருந்தன. போன் பேட்டரி செய்து வளர்ந்த பிஒய்டி, 2022 மார்ச்சோடு பெட்ரோலில் மட்டும் ஓடும் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது.

சீன ஆலைகள் பந்தயம் கட்டியது மேலே சொன்ன லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் மீது. எல்எஃப்பி என்று விளம்பரங்களில் வருவது இதுதான். கோபால்ட்டும் வேண்டாம், நிக்கலும் வேண்டாம். உலகில் தோண்டும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவில் இருந்து, அதிலும் ஒரு பங்கு சிறுவர்கள் இறங்கும் குழிகளில் இருந்து வருகிறது என்பதை நினைத்தால், இது விலைக்கணக்கு மட்டுமல்ல. பாஸ்ஃபேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் கழன்று வந்து தீக்கு உதவாது. எடைக்குக் கொஞ்சம் குறைவாகவே சேமிக்கும் என்பது ஒரு குறை. இன்று உலகில் மின்சார கார்களுக்குப் போகும் பேட்டரி கொள்ளளவில் கிட்டத்தட்ட பாதி இந்த வகை.

## நம் ஊர்க் கணக்கு

சேதன் மைனி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1990-இன் சூரிய கார் பந்தயத்துக்கான மாணவர் குழுவில் இருந்தவர். சன்ரேசர் கிளப்பிவிட்ட ஆர்வத்தின் ஒரு கிளை அப்படியே பெங்களூருக்கு வந்தது. 2001-இல் அவர் கொண்டுவந்த ரேவா, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. ஈய பேட்டரி, எண்பது கிலோமீட்டர். ஈயத்தின் கணக்கு அதையும் விடவில்லை.

இந்தியாவில் 2024-இல் விற்ற புதிய கார்களில் மின்சாரத்தில் ஓடுபவை நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஆனால் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரம். ஏன் இந்த வேறுபாடு? யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட், 136 ரூபாய். பெட்ரோலில் ஆறு லிட்டர், 600 ரூபாய். வாரம் ஒரு நாள் எடுக்கும் சொந்தக் காருக்கு இந்த மிச்சம் கூடுதல் விலையை ஈடுகட்டப் பல வருடம் ஆகும். நாள் முழுக்கத் தெருவில் உருளும் வண்டிக்கு அப்படி இல்லை. ஓட்டுநர் ஒவ்வொரு நாள் இரவும் கையில் எண்ணிப் பார்க்கும் பணம் அது.

கரியமிலக் கணக்கையும் ஒளிக்காமல் போட வேண்டும். நம் மின்சாரத்தில் முக்கால்வாசி நிலக்கரி. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. 17 யூனிட்டுக்கு 12 கிலோ. ஆறு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 14 கிலோ. தோண்டுவது, சுத்திகரிப்பது சேர்த்தால் இன்னும் மேலே. பேட்டரி செய்யும்போதே சில டன் கடன் ஏறிவிடுகிறது. ஆகவே இன்றைய நிலையில் நமக்குக் கிடைக்கும் ஆதாயம் சிறியது, காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட வளர்வது. அணைக்கட்டு மின்சாரத்தில் ஓடும் நார்வேயின் கணக்கே வேறு. அங்கே 2024-இல் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் முழு மின்சாரம். ஆனால் தெருவில் நிற்பவர் மூச்சில் போகும் புகை என்ற கணக்கில், அதாவது ஹாகன்-ஸ்மித்தின் கணக்கில், ஆதாயம் இன்றே கிடைக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிப் பேசுவதால்தான் பாதி விவாதங்கள் முடிவதில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னும் இரண்டு:

1. வெயில். 2012-இல் ஃபீனிக்ஸ் நகரில் நிசான் லீஃப் என்ற மின்சார காரின் உரிமையாளர்கள், பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கிறது என்று புகார் செய்தார்கள். அந்தப் பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. நிறுவனம் பின்னர் கொள்ளளவுக்கென்று தனி உத்தரவாதம் கொடுத்தது. வேலூரிலும் திருச்சியிலும் கார் வாங்குபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பதற்கு முன், பேட்டரியைக் குளிர்விப்பது எது, கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று கேட்க வேண்டும்.

2. பிளக். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் சொச்சம் ஏறும். 30 யூனிட் பேட்டரி ஒரு இரவில் நிரம்பிவிடும். தனி வீட்டுக்காரருக்குக் கவலை இல்லை. அடுக்குமாடியில் கீழ்த்தளத்து நிறுத்துமிடத்துக்கு யார் மீட்டரில் இருந்து வயர் இழுப்பது என்பதற்குச் சங்கக் கூட்டத்தில் விடை கிடைக்காதவரை, சாலையோரச் சார்ஜர் எத்தனை வந்தாலும் பயன் பாதிதான்.

## மூன்றாம் முறையும் மறையுமா?

இப்போது தொடக்கத்துச் செய்திக்கு வரலாம். அமெரிக்காவில் விதியும் சலுகையும் போனது 2003-ஐ நினைவூட்டுகிறது. விளைவும் தெரிகிறது: இவி1-ஐ நசுக்கிய அதே ஜெனரல் மோட்டார்ஸ், மின்சார கார் திட்டங்களைச் சுருக்குவதற்காக 160 கோடி டாலர் இழப்பை 2025 அக்டோபரில் கணக்கில் எழுதியது. அமெரிக்க விற்பனை தடுமாறும், சில மாடல்கள் நிற்கும். அதில் ஐயமில்லை.

ஆனால் 2003-இல் கார் ஒரு மாநிலத்தின் விதியில் மட்டும் தொங்கியது, பேட்டரியோ தயாராகவில்லை. இன்று விற்பனையின் பெரும்பகுதி சீனாவில் நடக்கிறது. 115 டாலர் என்ற விலையை வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டு 1,000 டாலருக்குத் திருப்ப முடியாது. அதே பேட்டரிகளைச் சூரிய மின்நிலையங்களும் வாங்குகின்றன, பேருந்துகளும் வாங்குகின்றன, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஸ்கூட்டர் ஆலைகளும் வாங்குகின்றன. 2025 ஆகஸ்ட் 4-இல் தூத்துக்குடியில் தொடங்கிய, வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் ஆலையில் கார்கள் கோக்கப்படுகின்றன. இவை குத்தகைக்கு அல்ல, விற்பனைக்குப் போகும் கார்கள். ஆர்சி புத்தகம் வாங்கியவர் பெயரில் இருக்கும்.